பாரிஸ் பசியாற்றுப்படை



பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படைகள். முருகனிடத்தே வழிப்படுத்தும் திருமுருகாற்றுப்படையை ஒருபுறம் வைத்துவிட்டால், பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்று வழங்கும் மலைபடுகடாம் ஆகிய நான்கும் ஒரே அமைப்புடையன. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொருவனைத் தான் போய்வந்த வழியிலேயே அனுப்பிவைக்கிறான். உயர்தர வகுப்பிலே இவற்றைப் படிப்பிக்கும்போது வள்ளலின் கொடைச்சிறப்பு, யாழின் வருணனை, ஐந்நில வருணனை என்று தலைப்பிட்டுக் குறிப்புக் கொடுத்துவிடுவோம். பரீட்சைக்கு அதுதான் வரும். ஆனால் இந்நூல்களின் பெரும்பகுதி எதைப் பற்றியதென்று சற்று எண்ணிப் பாருங்கள். அது சாப்பாட்டைப் பற்றியது. எயிற்பட்டினத்துக்குப் போனால் பரதவர் வீட்டிலே கள்ளும் சுட்ட மீனும். வேலூரிலே எயினர் வீட்டிலே சூடான புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரிலே உழவர் வீட்டிலே சோறும் நண்டுக்கறியும். பெரும்பாணாற்றுப்படையிலோ அந்தணர் மனையில் வெண்ணெயிலே வெந்த மாதுளங்காயும், மிளகும் கறிவேப்பிலையும், மாங்காய் ஊறுகாயும் கிடைக்கும். ஆமான் என்பது காட்டுமாடு. அந்த இடத்தை வகுப்பிலே சற்று வேகமாகக் கடந்துபோவது என் வழக்கம் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இன்று நம்மவர் ஒருவர் வெளிநாடு போகிறாரென்றால் விசாவுக்கு ஆலோசனை சொல்ல ஆளுண்டு. குளிருடுப்புக்கு ஆலோசனை சொல்ல ஆளுண்டு. பெட்டியில் எத்தனை கிலோ மிளகாய்த்தூள் வைக்கலாம் என்பதற்கும் ஆளுண்டு. அந்த நாட்டிலே ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எழும்புவது எப்படியென்று சொல்ல ஆளில்லை. பாணனுக்கு வழி சொன்னவனுக்கு ஒரு வசதி இருந்தது. நிலம் மாறினாலும், சோறு மாறினாலும், பரதவரும் எயினரும் உழவரும் பேசிய மொழி ஒன்றே. எமக்கு அந்த வசதி இல்லை. எம் காலத்து ஆற்றுப்படை முதலில் ஓர் அகராதியாக இருக்கவேண்டும். அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தட்டுச் சாப்பாட்டிலே.

2023ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் விடுப்பெடுத்துக்கொண்டு பாரிசில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நம்மவர் பாரிசுக்குப் போனால் என்ன செய்வார்களோ அதையே முதல் பத்து நாளும் செய்தேன். ஐஃபெல் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். மாணிக்க விநாயகர் ஆலயத்துக்குப் போனேன். லாச்சப்பலில் வடையும் தேநீரும் குடித்தேன். லாச்சப்பல் என்று நம்மவர் சொல்வது, கார் து நோர் என்னும் பெரிய புகையிரத நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சன் தெனி வீதியும் அதை அண்டிய தெருக்களும். பெயர்ப்பலகை தமிழில், உள்ளே முருங்கைக்காயும் ஒடியல்மாவும். மூன்று வேளையும் தங்கையின் சமையல். பிரெஞ்சுக்காரர் நடத்தும் ஒரு கடையின் வாசற்படியையும் நான் மிதிக்கவில்லை. மிதிக்காததற்குக் காசு மட்டும் காரணமன்று. என்ன கேட்பது என்று தெரியாது; எப்படிக் கேட்பது என்று தெரியாது; எதற்குள் எந்த இறைச்சி கிடக்குமோ என்ற பயம் வேறு.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. என் தங்கையின் கணவர் இருபது வருடமாக ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறார். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இன்று அடுப்படியில் நிற்கிறார். பாரிசின் குசினிகளிலே நம்மவர் கை படாத தட்டுகள் குறைவு என்றே சொல்லலாம். இவர் வைக்கும் சோஸுகளைச் சாப்பிடப் பிரெஞ்சுக்காரர் முன்கூட்டியே மேசை பதிந்துவிட்டு வருகிறார்கள். ஆனால் ஒருநாளாவது அப்படியொரு கடையின் முன்பக்கத்தில், வாடிக்கையாளராக அவர் உட்கார்ந்ததில்லை. கேட்டபோது, “எனக்கு ஏலாது மச்சான். கதவைத் திறந்த உடனை கால் குசினிப் பக்கம்தான் போகும்” என்று சிரித்தார். சிரிப்புத்தான் என்றாலும், பக்கத்தில் இருந்த மகள் சிரிக்கவில்லை. அங்கேயே பிறந்த பதினேழு வயதுப் பிள்ளை. கூடப் படிக்கும் பிள்ளைகள் பிறந்தநாளுக்குத் தாய் தகப்பனோடு போய்ச் சாப்பிடும் இடங்களுக்குத் தன் வீட்டார் யாரும் வராதது அவளுக்கு ஒரு குறை. “மாமாவை நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றாள்.

போகும் வழியிலேயே முதற்பாடம் தொடங்கிவிட்டது. பாதாள ரயில் ஓரிடத்தில் நின்றபோது நிலையத்தின் பெயர் ‘ஓத்தெல் து வில்’ என்றிருந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தால் நம்முடைய ஹோட்டல். “இங்கையோ இறங்கிறது?” என்று எழும்பிவிட்டேன். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. பிரெஞ்சிலே அது தங்கும் விடுதி. அல்லது பெரிய மாளிகை. ஓத்தெல் து வில் என்பது நகரசபைக் கட்டடம். ‘ஓத்தெல் தியூ’ என்று இன்னொன்று இருக்கிறது; அது ஆஸ்பத்திரி. பசியோடு போகிறவர் ஹோட்டலைத் தேடக்கூடாது. றெஸ்தொறோன் என்ற பலகையைத் தேடவேண்டும். அந்தச் சொல்லும் முதலில் கடையைக் குறித்ததன்று. இளைத்த உடம்புக்கு மீண்டும் தெம்பு தரும் ஒருவகை இறைச்சிச் சாற்றுக்கு அது பெயர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிசிலே அந்தச் சாற்றை விற்ற இடங்களுக்கும் அதுவே பெயராகி, பிறகு உலகமெல்லாம் பரவியது. ஆகுபெயருக்கு வகுப்பிலே சொல்ல எனக்கு ஓர் உதாரணம் கிடைத்தது.

அடுத்தது நேரம். நம் ஊரிலே பிற்பகல் மூன்று மணிக்குப் போனாலும் கடைக்காரர் ஒரு பார்சலாவது கட்டித் தருவார். அங்கே மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டுக்குத் தொடங்கி இரண்டு மணியோடு சரி. அதன்பின் அடுப்பு அணைந்துவிடும். மறுபடி இரவு ஏழு, ஏழரைக்குத்தான். இடையில் பசித்தால், தொடர்ந்து சமைக்கிறோம் என்று எழுதிப்போட்டிருக்கும் பிறாசெரி வகைக் கடைகளைப் பார்க்கவேண்டும்; அல்லது பாண்கடைக்குப் போகவேண்டும். ஞாயிறு, திங்களில் பூட்டும் கடைகள் பல. ஓகஸ்ட் மாதத்தில் முதலாளியே விடுமுறையில் போய்விடுவதால் பாதித் தெரு பூட்டிக் கிடக்கும். நாங்கள் போன முதலிரண்டு கடைகளும் அப்படித்தான் கிடந்தன.

மூன்றாவது கடையின் வாசலிலே நின்று விலைப்பட்டியலைப் படித்தோம். அப்படி நின்று படிப்பதில் வெட்கம் இல்லை. வெளியே விலை தெரியப் போட்டிருக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். படித்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் நடந்துவிடலாம். பட்டியலிலே காண்பது வரியும் பணியாளர் கட்டணமும் அடங்கிய விலை. அதற்குமேல் மேசையில் சில்லறை வைப்பது உங்கள் விருப்பம். வைக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். இன்னொன்று: நாம் மெனு என்று சொல்லும் பட்டியலுக்கு அங்கே ‘கார்த்’ என்று பெயர். ‘மெனு’ என்று கேட்டால், முதற்கறி, பெருங்கறி, இனிப்பு என்று கட்டிவைத்த ஒரே விலைச் சாப்பாட்டைத்தான் அது குறிக்கும். மத்தியானத்தில் இந்தக் கட்டுச் சாப்பாடும், கரும்பலகையில் எழுதியிருக்கும் ‘ப்ளா து ஜூர்’ என்னும் அன்றைய கறியும்தான் மலிவு. ‘ஒந்த்றே’ என்பது நுழைவாயிற் கறி. பசி தீர்க்கும் கறியன்று. அமெரிக்காவிலே அதே சொல்லைப் பெருங்கறிக்கு வழங்குகிறார்கள். அங்கு போய்வந்த உறவினரின் அறிவுரையைக் கேட்டுப் பாரிசில் ஒந்த்றே மட்டும் வாங்கினால் அரைவயிற்றோடுதான் எழும்பவேண்டும்.

உள்ளே போகும்போது முதலில் ‘பொன்ஜூர்’ சொல்லவேண்டும்; மாலையானால் ‘பொன்சுவார்’. இது அலங்காரச் சொல் அல்ல. வணக்கம் சொல்லாமல் நேரே “மேசை இருக்கிறதா?” என்று கேட்பவரை அவர்கள் பண்பில்லாதவராகவே கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் நம்மை மதிக்கவில்லை என்று முறைப்படும் நம்மவர் பலர், இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டவர்களாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். வெற்றிடம் கண்டவுடன் போய் உட்காரவும் கூடாது. அவர் காட்டும் மேசையில் உட்காரவேண்டும்.

உட்கார்ந்தோம். மருமகள் கைகழுவப் போனாள். போகும்போது, “நான் வந்து சொல்லுறன் மாமா” என்றாள். நான் பட்டதாரி ஆசிரியன். இருபது வருடமாகப் பிறர் பிழையைத் திருத்தி வருகிறவன். ஒரு விலைப்பட்டியலை வாசிக்க எனக்கு ஒரு சின்னப்பிள்ளையின் உதவி எதற்கு? லாச்சப்பல் கடைகளிலே அரிசி மூட்டைகளின் மேல் ஒரு சொல்லைப் பத்து நாளாகப் பார்த்து வந்தேன். ‘றி’ என்று உச்சரிப்பார்கள்; அரிசிக்கும் சோற்றுக்கும் அதுதான் பெயர். பட்டியலிலே தேடினேன். அகப்பட்டது. ‘றி து வோ’ என்றிருந்தது. ஏதோ ஊர்ச் சோறு என்று எண்ணிக்கொண்டேன். விலை 32 யூரோ. அன்றைய மாற்று விலையில் பதினோராயிரம் ரூபாவுக்கு மேல். தங்கை மகளோடு முதன்முதல் வந்திருக்கிறோம், பார்த்துக்கொள்வோம் என்று பணியாளரிடம் விரலை வைத்துக் காட்டினேன். அவர் மகிழ்ச்சியோடு தலையசைத்துவிட்டுப் போனார். மருமகள் வந்து, “என்ன மாமா சொன்னீங்கள்?” என்றதற்கு, “சோறுதான் பிள்ளை” என்றேன். அவளும் தனக்கொரு கோழிக்கறி சொன்னாள்.

தட்டு வந்தது. சோற்றைக் காணவில்லை. வெள்ளையாக, மிருதுவாக, நெய்யிலே பொன்னிறமாக வாட்டிய சில துண்டங்கள், சுற்றிவரக் காளான். காளானின் பெரிய இனமாக்கும் என்று நினைத்து ஒரு துண்டை வெட்டி முட்கரண்டியில் குத்திவிட்டேன். பிள்ளை முகம் மாறியது.

“மாமா, சாப்பிடாதேங்கோ.”

“ஏன் பிள்ளை?”

“இது றைஸ் இல்லை. இது... மாட்டின்ரை...” அவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. தேடித் தேடிக் கடைசியில், “மாட்டின்ரை பிள்ளை மாமா” என்றாள்.

‘வோ’ என்றால் கன்று. ‘றி’ என்பது கன்றின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள தைமஸ் என்னும் சுரப்பி. இளங்கன்றிலேதான் பெரிதாக இருக்கும். வளர வளரச் சுருங்கிவிடும். அதனாலேயே விலையும் அதிகம். அரிசிக்கு எழுதும் றியின் ஈற்றில் ‘ஸெட்’ எழுத்து வரும். சுரப்பிக்கு எழுதும் றியின் ஈற்றில் ‘எஸ்’ வரும். இரண்டு ஈற்றெழுத்தும் உச்சரிப்பில் இல்லை. காதுக்கு ஒன்றே, கண்ணுக்குத்தான் வேறு. மன்னனுக்கும் மண்ணுக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளைகளின் கொப்பியிலே சிவப்பு மையால் வட்டம் போடுகிறவன் நான். வருடந்தோறும் மனுநீதி கண்ட சோழனின் மகனுடைய தேர்க்காலிலே அகப்பட்ட கன்றின் கதையைச் சொல்லிச் சில பிள்ளைகளை அழவைத்தவனும் நானே. முட்கரண்டியைக் கீழே வைத்தேன். கை நடுங்கிற்று என்பதை மறைக்கவேண்டியதில்லை.

தொடாத தட்டைக் கண்டு பணியாளர் வந்து விசாரித்தார். மருமகள் சொன்னாள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு முட்டைப் பொரியல் கொண்டுவந்து வைத்தார். கணக்கிலே இரண்டும் இருந்தன. மருமகளுக்கு அது பொறுக்கவில்லை. போய்க் கேட்கிறேன் என்றாள். நான் தடுத்தேன். நான் கேட்டதை அவர்கள் தந்தார்கள். ஒளித்து எதையும் வைக்கவில்லை. எழுத்திலே தெளிவாகவே இருந்தது. அதற்குப் பதிலாக மிச்சத்தைக் கட்டித் தரும்படி கேட்டாள். 2021ஆம் ஆண்டு ஜூலை முதல், கேட்பவருக்கு மிச்ச உணவை எடுத்துச்செல்லப் பெட்டி கொடுக்கவேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. கேட்க வெட்கப்படவேண்டாம். தங்கை வீட்டிலும் மாட்டிறைச்சி புழங்குவதில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கேயப் பெண்மணியிடம் பெட்டி போய்ச் சேர்ந்தது. அவர் இரு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு மருமகளிடம் வாங்கிக்கொண்டாராம்.

அன்றிரவு மைத்துனர் வேலைமுடிந்து வர நடுச்சாமமாகிவிட்டது. கதையைக் கேட்டார். பெலத்துச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்காமல், மேசையிலே எனக்கு முன்னால் உட்கார்ந்து, குசினிக்குள் இருந்து தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நேயர்களுக்கு நான் இனிச் சொல்வன பெரும்பாலும் அவர் சொன்னவை.

மாட்டிறைச்சி உண்ணாதவர் நினைவில் வைக்கவேண்டிய சொற்கள் இரண்டு: ‘பெஃப்’ வளர்ந்த மாடு, ‘வோ’ கன்று. ஒன்றை வேண்டாமென்றால் மற்றதும் வேண்டாமென்று அவர்களுக்குத் தானாக விளங்காது. அவர்களுக்கு அவை வேறு வேறு இறைச்சி. ‘பொர்’ பன்றி. ஆனால் பன்றி அந்தப் பெயரில் வருவது குறைவு. ‘ஜம்போன்’ என்று வரும். ‘லார்தோன்’ என்று சின்னச் சின்னத் துண்டாக வரும். இந்த லார்தோனைத்தான் அதிகம் கவனிக்கவேண்டும். சலாது என்று பச்சை இலைக்குள் கிடக்கும். கீஷ் என்னும் முட்டைப் பணியாரத்துக்குள் கிடக்கும். இலைதானே என்று நம்பக்கூடாது. ‘அந்தூயெத்’ என்பது பன்றிக் குடலை அடைத்துச் செய்வது. அதைக் கேட்டுவிட்டால் மணமே காட்டிக்கொடுத்துவிடும். ‘தார்தார்’ என்றால் பச்சை மாட்டிறைச்சி. மேலே பச்சை முட்டைக் கரு. ‘பூலே’ கோழி, ‘அஞ்ஞோ’ ஆட்டுக்குட்டி, ‘புவாசோன்’ மீன். இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் மாமிசம் உண்ணும் நம்மவர் பசியாறிவிடலாம்.

சுத்த சைவக்காரர் பாடு சற்றுக் கடினம். வெறுமனே ‘வெஜெத்தாறியேன்’ என்று சொன்னால் மீன் கொண்டுவந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். “சான் வியாந்த், சான் புவாசோன்” என்று, இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்பதை உடைத்துச் சொல்லவேண்டும். அதற்கும் மேலே ஒன்று. வெங்காய சூப் என்பதைக் கேட்டால் அதற்குள் வெங்காயம்தான் என்று நினைப்போம். அந்த வெங்காயம் வேகுவது பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றிலே. “தட்டிலை தெரியிறதை மட்டும் பார்க்காதேங்கோ மச்சான், சட்டியிலை என்ன ஊத்தினது எண்டு கேளுங்கோ” என்றார் மைத்துனர். பாற்கட்டியும் அப்படியே. றொக்ஃபோர், கொம்தே போன்ற பழைய முறைப் பாற்கட்டிகளுக்குப் பாலை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள். இதைக் கேட்டுத் தங்கை தலையில் கைவைத்தாள். இருபது வருடமாக வெள்ளிக்கிழமைகளிலும் பாற்கட்டி சாப்பிட்டிருக்கிறாள். தெரியாமல் செய்ததற்குப் பாவமில்லை என்று நான் சமாதானம் சொன்னேன். சாஸ்திரம் அப்படிச் சொல்கிறதா என்று கேட்காதீர்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுக்கவேண்டாம். “தண்ணீர்” என்று மட்டும் சொன்னால் போத்தல் தண்ணீர் வரும், கணக்கிலும் ஏறும். “கராஃப் தோ” என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள், இலவசம். 2020ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்றின்படி, தண்ணீர் இலவசமாகக் கேட்கலாம் என்பதைக் கடைக்காரர் கண்ணில்படும்படி அறிவிக்கவும் வேண்டும். பாணும் சாப்பாட்டோடு இலவசமாகவே வரும். அதைத் தட்டிலே வைப்பதில்லை. மேசை விரிப்பில் அப்படியே வைத்துக் கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். கையால் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் ஓர் ஆறுதல். நம் பாண் போர்த்துக்கேயர் தந்த சொல். பிரெஞ்சுக்காரர் பாணுக்குச் சொல்லும் சொல்லும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நம் குசினியும் போர்த்துக்கேயர் தந்தது. அவர்களுடைய ‘குவிசின்’ அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். மைத்துனர் இருபது வருடமாக வேலை செய்யும் இடத்தின் பெயரை ஊரிலிருந்தே கொண்டுபோயிருக்கிறார்.

முட்கரண்டியை இடது கையில் பிடிப்பது எனக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. இடது கையால் வாயிலே வைத்தால் ஆச்சி அடிப்பா என்ற பயம் நாற்பது வயதுக்குப் பிறகும் போவதில்லை. வெட்டியபின் வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். யாரும் குறை சொல்லவில்லை. முடிந்ததும் கத்தியையும் முட்கரண்டியையும் தட்டில் பக்கம் பக்கமாகச் சாய்த்துவைத்தால் தட்டை எடுக்கலாம் என்று பொருள். விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறார் என்று பொருள்.

அவர்கள் சாப்பாட்டில் காலம் செலவிடுகிறவர்கள். பிரெஞ்சுக்காரரின் விருந்துமுறையை யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்திருக்கிறது. சமையலை மட்டுமன்றி, சேர்ந்திருந்து முறைப்படி உண்ணுவதையும் சேர்த்தே அப்படிக் கௌரவித்தார்கள். கோப்பி கேட்டால் சாப்பாடு எல்லாம் முடிந்தபிறகே வரும். சின்னக் கோப்பையில், பால் இல்லாமல், கறுப்பாக வரும். கோப்பி மட்டும் போதுமென்றால் உள்ளே உயர்ந்த மேசையருகில் நின்று குடியுங்கள். தெருவோரக் கதிரையில் இருந்தால் அதே கோப்பிக்கு விலை கூட. கணக்குத் துண்டு நீங்கள் கேட்கும்வரை வராது. நம் ஊரிலே கையை நனைத்தவுடன் காசுமேசைக்குப் போகவேண்டும். பின்னால் இடம்பிடிக்க ஒருவர் நிற்பார். அங்கே கேளாமல் கணக்கைக் கொண்டுவருவது, எழும்பிப் போ என்று சொல்வதற்குச் சமம். ஒரு மணி நேரம் காத்திருந்து, நம்மை மறந்துவிட்டார்கள் என்று கோபித்த நம்மவர் கதைகளும் உண்டு. “லதிஸியோன், சில் வூ ப்ளே” என்று நாம்தான் சொல்லவேண்டும்.

ஆற்றுப்படை பாடுவதில் பிரெஞ்சுக்காரரும் சளைத்தவர்களல்லர். 1900ஆம் ஆண்டிலே மிஷ்லன் என்னும் டயர்க் கம்பனி, மோட்டார் வண்டிக்காரருக்கு இலவசமாக ஒரு வழிகாட்டி நூல் அச்சிட்டது. 1926 முதல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கியது. சாப்பாட்டைத் தேடி ஆட்கள் ஓடினால் டயர் தேயும் என்பது அவர்களின் கணக்கு. பாணன் தான் பெற்ற பரிசிலைச் சொன்னதற்கு அப்படியொரு கணக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நட்சத்திரக் கடைகளுக்கு நம்மைப் போன்றவர்கள் போகப்போவதில்லை. கதவில் ‘கூரை போட்ட சட்டி’ அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2014 முதல், கடையிலேயே சமைத்த கறிக்கு அந்த அடையாளத்தை இடுகிறார்கள். ஒவ்வாமையுள்ளவர்கள் கேட்டால், நிலக்கடலை, முட்டை, பால் முதலான பதினான்கு பொருட்களில் எது எதில் இருக்கிறதென்ற எழுத்துமூலத் தகவல் கிடைக்கும். கேட்பது உரிமை.

மறுநாட் காலையில் மருமகள் ஒரு கடதாசித் துண்டைக் கொண்டுவந்து தந்தாள். தகப்பன் சொன்ன சொற்களைத் தமிழ் எழுத்திலே எழுதிப் பக்கத்தில் பொருளும் போட்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் படித்த எழுத்து. ‘வோ’ என்பதற்கு எதிரே, இரவெல்லாம் யாரிடமோ கேட்டறிந்து, ‘கண்று’ என்று மூன்று சுழி ணகரம் போட்டிருந்தாள். பேனையை எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை. அந்தத் துண்டு இன்னும் என் கடவுச்சீட்டுக்குள் அப்படியே இருக்கிறது.

நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு மைத்துனருக்கு ஓய்வுநாள். மகள் பிடிவாதமாக நின்று அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மொன்பர்னாஸ் புகையிரத நிலையத்தை அடுத்த தெருக்களிலே பிறெத்தோன் பகுதிக்காரரின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பகுதியிலிருந்து வரும் ரயில்கள் நிற்கும் இடமாகையால், ஊரைவிட்டு வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே தங்கள் ஊர்ச் சாப்பாட்டை விற்கத் தொடங்கினார்கள். லாச்சப்பலின் கதையும் ஏறக்குறைய அதுதானே. அவர்கள் சுடுவது ‘கலெத்’. மரக்கோதுமை மாவைக் கரைத்துத் தோசைபோல் மெல்லிதாக ஊற்றி, உள்ளே முட்டையோ பாற்கட்டியோ காளானோ வைத்து நாற்புறமும் மடித்துத் தருவார்கள். சைவக்காரருக்கும், தோசையைக் கனவு காண்பவருக்கும் இதைவிட நல்ல இடம் பாரிசில் நான் காணவில்லை. விலையும் எட்டத்தக்கது.

மைத்துனர் குசினிக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். சேட்டுக் கையை மடிப்பதும் இறக்குவதுமாக இருந்தார். பணியாளர் தட்டுகளைக் கொண்டுவந்தபோது அரைவாசி எழும்பி இரண்டு கையாலும் வாங்கப் போனார். மகள் தோளில் கையை வைத்து இருத்தினாள். கலெத்தின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, “கல்லு நல்லாய்க் காயேல்லை” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு பேசாமல் முழுவதையும் சாப்பிட்டார். முடிந்ததும் நாலு தட்டையும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கத் தொடங்கிவிட்டார். “அப்பா, வையுங்கோ” என்றாள் பிள்ளை. வைத்தார்.

கணக்கைக் கேட்டது நான்தான்.